எட்டாம் நம்பரை எங்கே நிறுத்துவது?

நேத்து நம்ம டீமோட பாஸ்கெட்பால் மேட்ச் பாத்தவங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு தெரியும். பாக்காதவங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடுங்க. முன்கதை சொல்ற பொறுமை இப்போ எனக்கு இல்ல.

எட்டாம் நம்பர் ஜெர்சி போட்ட பையனை மறுபடியும் சென்டர்ல, அதான் ரிங்குக்குக் கீழ உயரமான ஆள் நிக்கற இடத்துல, நிறுத்தியாச்சு. சென்டர் பையன் நாலு ஃபவுல் வாங்கி உக்காந்துட்டான், புரியுது. பெஞ்சுல உயரமான ஆள் இல்ல, அதுவும் புரியுது. ஆனா 16 வயசுப் பையன், 6 அடி 2 அங்குலம், ஒல்லி உடம்பு. அவனை முதுகால தள்ளிக்கிட்டே உள்ள போற ஆள் முன்னாடி நிறுத்திட்டு, "பையன் இன்னைக்கு டல்லு"ன்னு பேச எப்படி மனசு வருது?

மூணாவது குவார்ட்டர்ல ஒரு ரீபவுண்ட், உள்ள விழாம திரும்பி வந்த பந்து. எதிராளியை முதுகால தடுத்து பாக்ஸ் அவுட் பண்ணி, ரெண்டு பேருக்கு நடுவுல எம்பிப் பிடிச்சான். கால் தரையில படறதுக்குள்ள தலை திரும்பிடுச்சு. இடது கார்னருக்கு ஒருத்தன் ஓடறதை அவன் பாத்துட்டான், நானும் பாத்தேன். அதுக்குள்ள பெஞ்சுலேர்ந்து சத்தம்: "கார்டுகிட்ட குடு, கார்டுகிட்ட குடு!" கார்டுன்னா பந்தை முன்னாடி கொண்டு போற ஆள். குடுத்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு எதிர் ரிங்குக்குக் கீழ போய் நின்னான். எதிர் டீம் திரும்பறதுக்குள்ள ஓடிப் போட வேண்டிய ஃபாஸ்ட் பிரேக் அங்கேயே செத்துப்போச்சு.

அவனோட சொந்த இடம் ஸ்மால் ஃபார்வர்டு, மூணாம் நம்பர் பொசிஷன். அதுல யாருக்கும் சண்டை இல்ல. அவனுக்கு அடுத்தபடியா பொருத்தமான பொசிஷன் எதுன்னா, பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தற ஆள். பொசிஷன் நம்பர்ல சொன்னா நாலு (பவர் ஃபார்வர்டு) இல்ல, அஞ்சு (சென்டர்) இல்ல. ஒண்ணு. ரீபவுண்டை அவனே எடுத்து அவனே தள்ளிக்கிட்டு வந்தா நடுவுல கார்டுக்கு ஒரு பாஸ் தேவைப்படாது, எதிர் டீம் திரும்பி வந்து நிக்கறதுக்கு நேரமே இருக்காது. பிக் அண்ட் ரோல்ல, அதாவது கூட ஆடறவன் தடுப்பா நின்னு வழி பண்ற ஆட்டத்துல, எதிர் டீமோட குள்ளமான கார்டு தலைக்கு மேல அவன் பாஸ் போடுவான். ஷூட்டிங் கார்டா, தூரத்துலேர்ந்து ஷாட் போடற இடத்துல, போடலாமேன்னா, ஷாட் இன்னும் நிலையா இல்ல, கார்னர்ல விட்டா எவனும் மதிச்சு வந்து கார்டு பண்ண மாட்டான்.

"எதிர் பாயின்ட் கார்டை இவனால பிடிக்க முடியுமா?" ஏன் இவன் பிடிக்கணும்? அட்டாக்ல ஒண்ணு, டிஃபென்ஸ்ல மூணு. இது என்ன புதுசா?

"ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டா?" எதிர் டீம் கோர்ட் முழுக்க வந்து நெருக்கினா என்ன பண்றதுன்னு, நியாயமான கேள்வி. நம்ம குள்ளமான கார்டு கொண்டு வரட்டும், பாதி கோர்ட் தாண்டினதும் இவன் கையில குடுக்கட்டும். அடுத்து.

உடனே மேஜிக் ஜான்சனைத் தூக்கிட்டு வருவீங்க, தெரியும். 1980 NBA ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச், லேக்கர்ஸ் டீமோட சென்டர் கரீம் அப்துல் ஜப்பாருக்குக் கணுக்காலில் அடி, 20 வயசுப் பையன் சென்டர் இடத்துல இறங்கி 42 பாயின்ட், 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் (பாயின்ட்டா மாறின பாஸ்). சரி. அடுத்த சீசன்ல லேக்கர்ஸ் அவரைச் சென்டராவா வெச்சுக்கிட்டாங்க? அது ஒரு ராத்திரி அவசரம். நம்மாளுங்க அந்த ஒரு ராத்திரியை டைம்டேபிள் ஆக்கிட்டாங்க.

வாரியர்ஸ் டீமோட டிரேமண்ட் கிரீன்? 6 அடி 6 அங்குலத்துல 2015 ஃபைனல்ஸ்ல சென்டர் ஆடினார்தான். அப்போ வயசு 25, பக்கத்துல ஸ்டெஃபன் கரியும் கிளே தாம்சனும் மாதிரி பெரிய ஷூட்டர்கள். முக்கியமா, பந்து அவர் கையிலும் இருந்துச்சு. நம்ம பையனுக்கு என்ன இருந்துச்சு, முழங்கை இடியா?

மில்வாக்கி பக்ஸ் டீம்ல ஆடின யானிஸ் அண்டெடோகும்போவைப் பாருங்க. கிட்டத்தட்ட ஏழடி. உள்ள தள்ளிவிட எல்லாக் காரணமும் இருந்துச்சு. அப்போ கோச்சா இருந்த ஜேசன் கிட் 2016ல பந்தைக் கையில குடுத்தார். அடுத்த சீசன்ல பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிக்கிறது), பிளாக் (ஷாட்டைத் தடுக்கிறது) அஞ்சுலயும் அவர்தான் டீம்ல முதல். "யானிஸும் இவனும் ஒண்ணா"ன்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. பந்தைக் குடுத்தாத்தானே அவன் யாருன்னு தெரியும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு கேக்கறவங்களுக்கு: 14 வயசுல டீம்லயே நான்தான் உயரம். ரிங்குக்குக் கீழ நிறுத்தினாங்க. "பந்தைத் தட்டிக்கிட்டு ஓடாத, அது உன் வேலை இல்ல"ன்னு ஒவ்வொரு பிராக்டிஸ்லயும் சொன்னாங்க, நானும் கேட்டேன். அதோட வளர்த்தி நின்னுபோச்சு. 18 வயசுல எல்லாரும் என்னைவிட உயரம், எனக்கு இடது கையில பந்து நிக்காது. சொன்ன கோச் அடுத்த பேட்ச்ல வேற உயரமான பையனைத் தேடிக்கிட்டுப் போயிட்டார். என்னை ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல.

"டீமுக்காக விட்டுக்குடுக்கணும்." ஆமாமா. எப்பவும் அதே பையன்தான் விட்டுக்குடுக்கணும். இன்னொருத்தனை இடம் மாத்திப் பாருங்களேன், அவங்கப்பா கோர்ட் ஓரத்துல வந்து நிப்பார். இவன் "சரி சார்"ங்கறான், அதனால டீமுக்கு ஸ்டெப்னி. எங்க பஞ்சரோ அங்க மாட்டு. எல்லாம் தெரிஞ்ச பையனுக்கு நாம குடுக்கற பரிசு, எதையும் முழுசாக் கத்துக்க விடாம வெக்கிறதுதான்.

பந்தை எதிர் டீம்கிட்ட விட்டு டர்ன்ஓவர் பண்ணுவான். பண்ணட்டும். 16 வயசுல பண்ணாம 26ல பண்ணவா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டாவது குவார்ட்டர்ல ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம், பந்து அவன் கையில, பெஞ்ச் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். இல்ல, மறுபடியும் சென்டர்தான்னா முன்னாடியே சொல்லிடுங்க, நான் வரல.

வருவேன். அது உங்களுக்கும் தெரியும்.