பதினோரு இடமும் ஒரு மத்தியானத் தூக்கமும்

அரையாண்டு லீவுக்குத் திருப்பூரிலிருந்து தங்கச்சி வந்திருந்தாள். கூடவே ஏழு வயசுப் பெண்ணும் மூன்றரை வயசுப் பையனும். வரும்போதே போனில் ஒரு லிஸ்ட். நாலு நாள், பதினோரு இடம். "பொறந்து வளர்ந்த ஊருண்ணா. ஒரு பழைய இடம்கூட பசங்களுக்குக் காட்டலைன்னா எப்படி?" என்றாள். நியாயம்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, வந்த பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப்போய் எஸ்கலேட்டர் காட்டி அனுப்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

முதல் நாள் லிஸ்ட்படி போனோம். கிளம்பவே பத்தரை. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியைக் கண்ணாடிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் (வெள்ளிக்கிழமை லீவு, பார்த்துப் போங்க). அதன் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கொடி இருக்கே..." என்று ஆரம்பித்தேன். "மாமா, உச்சா" என்றான் பையன். அதோடு என் சுதந்திர தின உரை முடிந்தது. வெளியே வந்தால் உச்சி வெயில். டிசம்பர் என்றாலும் மெட்ராஸ் மெட்ராஸ்தானே. ஒருத்தன் தோளில் தூங்குகிறான், ஒருத்தி கால் வலிக்குது என்று நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள், தங்கச்சி அடுத்த இடத்துக்கு மேப் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரே வார்த்தையில் சட்டம் போட்டாள்: "காலையில ஒரு இடம். பத்தரைக்கு வீட்ல இருக்கணும். மத்தியானம் தூக்கம்."

சின்னக் குழந்தைகளோடு பழைய ஊர் பார்க்க இதற்கு மேல் ஒரு திட்டம் தேவையில்லை என்பது என் கட்சி. சொகுசு என்றால் நாம் ஏசி கார், நீச்சல்குளம் என்றே யோசிக்கிறோம். மண்ணடியிலும் தங்கசாலையிலும் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், நிறுத்த இடம் தேடியே பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடும். குழந்தைக்குச் சொகுசு என்பது நிழல், தண்ணி, பக்கத்திலேயே ஒரு சுத்தமான கழிப்பறை, மத்தியானம் திரும்பிப் போய்ப் படுக்க ஒரு பாய். சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் எழும்பூர், சென்ட்ரல் பக்கம் ரூம் போடுங்கள். ஈசிஆர் ரிசார்ட்டில் தங்கிக்கொண்டு கோட்டை பார்க்க வருகிறேன் என்றால் பாதி லீவு டிராபிக்கில் போய்விடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது. லிஃப்ட் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு ரயிலைவிட அந்தக் கழிப்பறைதான் பெரிய விஷயம்.

இரண்டாம் நாள் ஏழரை மணிக்கு மாடிப் பூங்கா. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டுவிட்டுப் போன பிறகு, பயந்துபோன இங்கிலீஷ்காரர்கள் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றி எழுப்பிய சுவரில் மிஞ்சிய துண்டு அது. கட்டின செலவை ஊர்க்காரர்களிடம் வரியாகப் பிடுங்கப் பார்த்தார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடாக நின்றுவிட்டது. பெரியவளுக்கு இது பயங்கரமாகப் பிடித்துப்போனது. "குடுக்காத காசுக்கு ரோட்டுக்குப் பேரா மாமா?" என்று வழியெல்லாம் சிரிப்பு. தம்பிக்கு ஏறி இறங்கப் படி இருந்ததே போதும்.

மூன்றாம் நாள் போன ராயபுரம் ஸ்டேஷன் லிஸ்ட்டிலேயே கிடையாது. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் 1873இல்தான் வந்தது என்றதும், "அப்ப நம்ம ஸ்டேஷன் அக்கா, சென்ட்ரல் தம்பி" என்று உறவுமுறை போட்டுவிட்டாள் பெரியவள். பழைய தூண்களை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, பையன் பெஞ்சில் உட்கார்ந்து கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தான். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது, மறுபடி ஒன்றிலிருந்து வருவான். ஒரு மணி நேரம் யாரும் அழவில்லை. செலவு பிளாட்பார டிக்கெட்டும் பிஸ்கட்டும்தான்.

காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கூட்டிப்போனாயா என்று சிலர் கேட்டார்கள். பெரியவர்களுக்கு அருமையான இடம். மூன்று வயசுப் பிள்ளையோடு வேண்டாம். தரை வழுக்கும், ஐஸ் வண்டி தள்ளி வருகிறவர் நீங்கள் போட்டோ எடுப்பதற்காக நிற்கமாட்டார். நிற்கவும் கூடாது, அவருக்கு அது பிழைப்பு. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸைக் காரம் கம்மியாகப் போடச் சொல்லி வாங்கிக் கொடுங்கள், மேலே நொறுக்கிப் போடுகிற மொறுமொறுப்புக்காகவே தின்பார்கள்.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். தண்ணிச் சொம்பைக் கவிழ்த்த பேரனை அம்மா, "சரியான எம்டன்டா நீ" என்றாள். "எம்டன்னா யாரு?" என்றாள் பெரியவள். சொன்னேன். 1914 செப்டம்பர் 22, ராத்திரி நேரம், இதே கடல். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் இருட்டோடு இருட்டாக வந்து துறைமுகத்துப் பக்கத்து எண்ணெய் டாங்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டு நழுவிவிட்டது. ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அடங்காத பிள்ளைக்கு அந்தப் பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. கதை முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரம் போய்க் கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். ஹைகோர்ட் மதில் ஓரம் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் ஆறு மணிக்கே பல் தேய்த்துவிட்டு நிற்கிறாள், "போலாமா மாமா?" முதல் நாள் கொடி முன்னால் நின்று நான் செய்ய நினைத்தது இதைத்தான். கதையை வீட்டில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், இடத்துக்கு வந்து ஆரம்பித்தது என் தப்பு.

கல்வெட்டை இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டு ஆர்மீனியன் தெருவுக்கு நடந்தோம். நம் ஆட்கள் அதை அரண்மனைக்காரன் தெரு ஆக்கி வைத்திருக்கிறார்கள். "அரண்மனை எங்க மாமா?" என்றாள். அரண்மனை இல்லை, 1772இல் கட்டிய ஆர்மீனியன் சர்ச் இருக்கிறது, உள்ளே மர நிழல் இருக்கிறது. பையன் அங்கேயே படுத்துவிடப் பார்த்தான்.

ஆகமொத்தம் தங்கச்சியின் லிஸ்ட்டில் மூன்றுதான் தேறியது. மிச்சம் எட்டையும் முழுப்பரீட்சை லீவில் முடித்துவிடலாம் என்கிறாள். கத்திரி வெயிலில் இந்தப் பக்கம் வராதே, அடுத்த அரையாண்டுக்கு வா என்று சொல்லியிருக்கிறேன். நேற்று போனில் பையன் பேசினான். மறுபடி ராயபுரம்தான் போகணுமாம். இப்போது முப்பது வரைக்கும் எண்ணத் தெரியுமாம்.