நிலக்கரியைத் தின்று மீத்தேன் தரும் ஒற்றை பாக்டீரியா: உண்மை என்ன?

"ஒரே ஒரு பாக்டீரியா நிலக்கரியைத் தின்று மீத்தேனாக மாற்றுகிறது. வாயு வற்றிய நிலக்கரிக் கிணற்றில் உரக்கரைசல் ஊற்றினால் சில நாளில் வாயு நிரம்பும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

நிலக்கரி அடுக்கில் மீத்தேன் பிறப்பது கூட்டு வேலை. முதலில் பாக்டீரியாக்கள் கரியின் பெரிய மூலக்கூறுகளை உடைக்கின்றன. அடுத்த கூட்டம் அவற்றை நொதிக்க வைத்து அசிட்டேட் (வினிகர் அமிலத்தின் உப்பு), ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஆக்குகிறது. கடைசியில் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் இவற்றிலிருந்து மீத்தேன் செய்கின்றன. ஆர்க்கியா பாக்டீரியாவே அல்ல, தனி வகை உயிர். கரியில் இருக்கும் மெத்தாக்சி சேர்மங்கள் என்ற சிறு மூலக்கூறுகளிலிருந்து நேரடியாக மீத்தேன் தரும் ஓர் ஆர்க்கியா 2016-இல் அறியப்பட்டது உண்மைதான். ஆனால் அதுவும் கரிக்கட்டியைக் கரைப்பதில்லை.

ஊட்டச்சத்து சேர்த்தால் உற்பத்தி கூடுவது ஆய்வகத்தில் தெரிந்ததே. அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். கரி அடுக்கின் நீரில் சல்பேட் (கந்தகம் கொண்ட உப்பு) மிகுந்திருந்தால் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் ஆர்க்கியாவுக்கு முன்பே தின்றுவிடும். மீத்தேன் வராது, அழுகிய முட்டை நாற்றம்தான் வரும். ஆகவே முதலில் சோதிக்க வேண்டியது சல்பேட்டை.

எல்லா மீத்தேனும் நுண்ணுயிர் தந்ததும் அல்ல. ஆழத்தில் வெப்பமும் தரும். அமெரிக்காவின் பவுடர் ரிவர் படுகையில் பெரும்பகுதி நுண்ணுயிர் வாயு. அங்கே மீத்தேனில் கார்பன்-13 என்ற கனமான கார்பனின் அளவு, ஒப்பீட்டுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு சுமார் 60 அல்லது அதற்கும் மேல் குறைவாக (-60 அல்லது அதற்கும் கீழே) இருக்கும். இது நுண்ணுயிர் வாயுவின் அடையாளம். ஆனால் சோதனைக்கு எடுத்த வாயு மாதிரிக் குப்பிக்குள் காற்று புகுந்தால் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்கள் இலகு கார்பனை முதலில் தின்றுவிடும். கனமான கார்பன் கூடிவிட்ட எஞ்சிய வாயு வெப்பத்தில் பிறந்தது போல் பொய் சொல்லும்.