பறை அடித்தவர் பெயர் என்ன?

பொங்கல் சமயத்தில் சென்னையில் இருப்பவர்கள் டிவியை அணைத்துவிட்டு ஒரு மாலை வெளியே வாருங்கள். பஸ் காசு, டீக்காசு போதும். 2007-இல் தொடங்கி, நடுவில் நின்றுபோன சென்னை சங்கமம் என்ற நாட்டுப்புறக் கலை விழா, 2023 முதல் 'நம்ம ஊரு திருவிழா'வாக மறுபடி நடக்கிறது. ஒயிலாட்டம், கரகம், தேவராட்டம், நையாண்டி மேளம் எல்லாம் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் வருகின்றன. டிக்கெட் இல்லை. பிடிக்கும்வரை நிற்கலாம், பிள்ளை அழுதால் கிளம்பிவிடலாம். அரங்கத்துக்குள் கால் வைக்கவே கூச்சப்படுகிறவர்கள் இங்கே முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்யக்கூடிய மிக நல்ல காரியங்களில் இது ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இது எந்த ஒரு விழாவையும் பற்றியதல்ல. கோயில் கொடை, கல்லூரி விழா, கட்சி ஊர்வலம், எங்கே பார்த்தாலும் இதே கதைதான்.

அண்மையில் ஒரு பூங்காவில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் மேடைக்குப் பின்பக்கம் போயிருந்தேன். பறைக் குழுப் பையன்கள் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, பறையின் முகத்தை அதில் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும், சத்தம் தொளதொளத்துப் போகும். அதனால் காய்ச்சி, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, மறுபடி காய்ச்சுகிறார்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீளமான சிண்டுக்குச்சி. இரண்டும் சேர்ந்து விழும்போது எழும் அந்த அதிர்வை நெஞ்சில் வாங்க வேண்டும், போனில் பதிவுசெய்து கேட்டால் பாதிகூட வராது. ஆடிக்கொண்டே அடிக்கிறார்கள், ஒரு அடி பிசகவில்லை. எத்தனை வருட உழைப்பு அது!

முடிந்ததும் அறிவிப்பாளர், "குழுவினருக்கு ஒரு கைத்தட்டல்" என்றார். அவ்வளவுதான். அடுத்து வந்த சிறப்பு விருந்தினருக்கு மட்டும் பட்டம், பதவி, பொன்னாடை எல்லாம் வரிசையாக வந்தன.

கர்நாடக சங்கீத சபா பக்கம் பாருங்கள். மார்கழியில் மியூசிக் அகாடமியில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. பாடுகிறவர் பெரும்பாலும் இளையவர். ஆனாலும் அவர் பெயர், வயலின் யார், மிருதங்கம் யார் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். மிருதங்கம் தனியாக வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனம் முடிந்தால் தட்டுவது யாருக்கு என்று கூட்டத்துக்குத் தெரியும். ஆக, இலவசம் என்பதால் பெயர் விடுபடவில்லை. யாருடைய கலைக்குப் பெயர் வேண்டும், யாருடையதற்குக் 'குழுவினர்' போதும் என்று நாம் பழகி வைத்திருக்கிறோம். அது சாதியோடு ஒட்டிய பழக்கம். பூசி மெழுக ஒன்றுமில்லை.

சரி செய்யப் பெரிய செலவும் ஆகாது. மேடை ஓரத்தில் ஒரு பலகை. அதில் கலைஞர்கள் பெயர், ஊர், சொல்லிக்கொடுத்த ஆசான் பெயர், கூப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு போன் நம்பர். அடுத்த நிகழ்ச்சி அவர்களுக்கு அப்படித்தானே கிடைக்கும்? இடைத்தரகர் தயவில் எத்தனை நாள் இருப்பார்கள்?

அமைப்பாளர்கள் செய்யும்வரை நாமே கேட்டுக்கொள்ளலாம். அன்று கலைஞர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எல்லோருடைய பெயரையும் ஊரையும் படத்தோடு முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். வீட்டு விசேஷம் வைத்திருப்பவர்கள் அவர்களை நேரடியாகக் கூப்பிடுங்கள், பேரம் பேசாதீர்கள்.