ஒட்டிவிட்ட பேட்டரி

கையடக்கப் பாட்டுக் கருவி ஒன்றின் பேட்டரியை மாற்றக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருப்பது பெரும் எரிச்சலைத் தருகிறது. முன்பெல்லாம் பின்மூடியைத் தள்ளித் திறந்து, சார்ஜ் ஏற்றிய 1.2 வோல்ட் பென்சில் பேட்டரிகளைப் போட்டுவிட்டால் பாட்டு தொடரும். சும்மா வைத்திருந்தாலே அவற்றில் சார்ஜ் இறங்கிவிடும் என்ற குறை இருந்தாலும், எந்தக் கடையிலும் வேறு கிடைத்தது. இப்போதோ 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியை உள்ளே பசையால் ஒட்டி, அதன் வயர்களைச் சர்க்யூட் போர்டில் பற்றவைத்து விற்கிறார்கள். சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பிறகு அதன் கொள்ளளவு குறையும் என்பதும், முழுதாக வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் அது மீளாமலே போகக்கூடும் என்பதும் தயாரிப்பவர்கள் அறியாததல்ல. என் கருவியின் பேட்டரி உப்பி, திரையின் ஒரு ஓரத்தை மேலே தள்ளிவிட்டது. சர்வீஸ் சென்டரிலோ, அந்த மாடலுக்குப் பேட்டரி வருவதில்லை, புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். பொத்தான்களும் ஹெட்போன் துளையும் பழுதின்றி இயங்கும் பொருளை எதற்காகத் தூக்கி எறிய வேண்டும்? பெரும்பாலான கையடக்கக் கருவிகளின் பேட்டரியை 2027 பிப்ரவரி முதல் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதித்துவிட்டது. இந்தியாவுக்கும் அப்படியொரு விதி உடனே தேவை.