பேஸ்மேக்கர் இருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"பேஸ்மேக்கர் வைத்தாச்சு, இனி ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. தயவுசெய்து இதை நம்பி யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

பேஸ்மேக்கர் என்பது இதயத்தைத் துடிக்கத் தூண்டும் சிறு கருவி; இதயம் மெதுவாகும்போதும் சில நொடி நின்றுபோகும்போதும்தான் அது கைகொடுக்கும். என் அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் கோளாறு. படபடப்பு அடங்கும் நேரத்தில்தான் அவருக்குக் கண் இருட்டும். ஒருநாள் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே சரிந்துவிட்டார். ஹோல்டர் (நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் கருவி) மாட்டிப் பார்த்ததில் துடிப்புக்கு நடுவே 5 நொடி இடைவெளி. தாறுமாறான துடிப்பு நின்றதும், இயல்பான துடிப்பைத் தொடங்க வேண்டிய சைனஸ் கணு விழித்துக்கொள்ள அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தபின் மயக்கம் இல்லை. ஆனால் மேலறைகள் இன்றும் அவ்வப்போது நடுங்கத்தான் செய்கின்றன.

அந்த நடுக்கத்தில் இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. பேஸ்மேக்கரால் இதைத் தடுக்க முடியாது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு பக்கவாதம் வந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் மாத்திரையை முடிவு செய்வார்கள். ஆஸ்பிரின் அதற்கு மாற்று அல்ல.

அப்புறம், பல் பிடுங்கப் போனாலும் நீங்களாக நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேளுங்கள்.