காற்றிலிருந்து சார்ஜ் ஏறுகிறதாம்

காற்றில் வரும் அலையில் போன் சார்ஜ் ஏறுவதாகக் காட்டும் அந்தக் கண்காட்சிக் காணொளியைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றிரவு ஒருவர் உட்பெட்டிக்கு வந்து, "திருகோணமலைப் பிள்ளை ஒன்று முன்னேறுவது உங்களுக்குப் பொறுக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சரி, பேசிவிடுவோம்.

நான் கேட்டது என்ன? பழைய சீடியில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, செல்போன் கோபுர அலையில் போன் சார்ஜ் ஏறுகிறது என்கிறாரே அந்தத் தம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வைத்துக் காட்டட்டும் என்றேன். மேசை விரிப்பையும் கொஞ்சம் தூக்கிக் காட்டட்டும் என்றேன். இதற்குத்தான் இத்தனை வசவு.

அலையில் ஆற்றல் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? இருக்கிறது. போனுக்குப் போதாது, அவ்வளவுதான். 2009இல் சியாட்டிலில் ஆய்வாளர்கள் 960 கிலோவாட் தொலைக்காட்சிக் கோபுரம் ஒன்றை நோக்கி, நான்கு கிலோமீற்றர் தள்ளி அன்ரனாவைத் திருப்பி வைத்தார்கள். கிடைத்தது 60 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 60 பங்கு. அதில் ஒரு சின்ன வெப்பமானியை ஓட்டிக் காட்டினார்கள். அது உண்மையான சாதனை. அதே 60 மைக்ரோவாட்டைச் சிந்தாமல் சிதறாமல் சேர்த்தாலும் 5000 எம்ஏஎச் போன் பற்றரி நிரம்ப 36 ஆண்டுகள் ஆகும். நம் தம்பிக்கு மூன்று நிமிடக் காணொளிக்குள் ஏறிவிட்டது!

"பற்றரி இல்லாமல், கருவியில் தொட்டாலே கார்ட் வேலை செய்கிறதே" என்கிறார்கள். கார்டை உயிர்ப்பிப்பது அதை ஒட்டிப் பிடிக்கும் கருவி அனுப்பும் அலை. ஊர்க்காற்றில் அலைவது அல்ல. "கம்பியில்லா மின்சாரம் என்றாரே விஞ்ஞானி டெஸ்லா?" அவர் தானே கோபுரம் கட்டி மின்சாரத்தை அனுப்பப் பார்த்தவர். விடுங்கள்.

காற்றில் வரும் அலையை மட்டும் வைத்து வானொலி கேட்பதை உப்புவெளியில் என் மாமா எப்போதோ செய்தார். ஒரு சுருள், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் ஒரு ஜெர்மானியம் டயோட், இரண்டு தென்னைகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய நீளக் கம்பி. நிலாவெளிக்கு அப்பால் இருந்த ஜெர்மன் வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் 400 கிலோவாட்டில் மத்திய அலையில் முழங்கிய காலம் அது. பற்றரி இல்லாமலே காதுக்குழாயில் ஹிந்தி பேசும். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் அடித்துப் பிடித்துக் கேட்போம். அவ்வளவு பெரிய நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் கிடைத்தது ஒற்றைக் காதுக்கான முணுமுணுப்புத்தான். பலவீனமான அலையில் டயோட் சரியாகத் திறக்காது என்பார் மாமா. மின்சாரம் கண்டுபிடித்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவும் இல்லை.

"சின்னப் பையன்தானே, ஊக்கப்படுத்த வேண்டாமா?" வேண்டும்தான். அவன்மீது எனக்குக் கோபமே இல்லை. மாலை போட்டுப் படமெடுத்த பெரியவர்களில் ஒருவருக்குக்கூட மீட்டர் எடுத்துவரத் தோன்றவில்லையே, அதுதான் எரிகிறது. அதே மண்டபத்து மூலையில் ஒரு பிள்ளை, மாமா செய்தது போன்ற வானொலியை வைத்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டாள். "இதில் சத்தம் காணாதே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் சீடிப் பக்கம் போனார்கள். காணாதுதான். அது உண்மையாகவே அலையில் மட்டும் ஓடுவதால்தான் காணாது! இதைச் சொன்ன நான் பொறாமைக்காரன்.

வானொலி செய்த அந்தப் பிள்ளையிடம் இருப்பது ஓர் ஓட்டைக் காதுக்குழாய். பழைய கிரிஸ்டல் காதுக்குழாய் யார் வீட்டு அலுமாரியிலாவது கிடந்தால் உட்பெட்டிக்கு வாருங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். திட்ட வருபவர்கள் பின்னூட்டத்திலேயே திட்டலாம்.