ஆக்டிவிட்டி டேபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் காலைப் பாருங்கள்

எட்டு, ஒன்பது மாதக் குழந்தை இருக்கிற வீடுகளில் இப்போது தவறாமல் அடிபடும் பேச்சு இந்த ஆக்டிவிட்டி டேபிள், அதாவது மேல்பலகையில் விளையாட்டுச் சாமான்கள் பதித்த குட்டி மேசை. முதல் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிற மாமாவுக்கும் சித்திக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதும் அதுதான். கடைக்குப் போனால் எல்லோரும் மேல்பலகையைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பட்டன், எத்தனை பாட்டு, பியானோ இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்றுதான் கேள்வி. அந்த மேசையைக் கவிழ்த்துப் போட்டு அதன் கால்களைப் பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. நான் அதைத்தான் சொல்ல வருகிறேன். மேலே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வயதுக் குழந்தைக்கு மேசை ஒரு விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை, பற்றிக்கொண்டு எழுந்திருக்க ஒரு பிடி. என் தங்கை மகள் எழுந்து நிற்கப் பழகிய நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் இரண்டு கைகளையும் தூக்கி விளிம்பைப் பிடிப்பாள். ஒரு முட்டி தரையில் இருக்கும். இன்னொரு பாதத்தை ஊன்றி, கால்விரல்களால் தரையைக் கவ்வுவாள். அப்புறம் மூச்சைப் பிடித்து ஒரே இழு. அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுக்க அந்த விளிம்பில் வந்து தொங்கும். நேர் கீழே அழுத்துவதும் இல்லை, தன் பக்கமாகச் சாய்த்து இழுக்கிறாள். ஒன்பது மாதக் குழந்தையின் எடை எட்டு, எட்டரை கிலோ இருக்கும். கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் மேசைகளில் பலவற்றை ஒரு கையால் தூக்கிவிடலாம். எட்டு கிலோ தொங்கினால் அப்படிப்பட்ட மேசை குழந்தை மேலேயே வந்து கவிழும். குழந்தை பின்பக்கமாக விழும், தலை தரையில் மோதும்.

அதனால் கடையில் கூச்சப்படாமல் இதைச் செய்து பாருங்கள். மேசையைத் தரையில் வைத்து, ஒரு பக்க விளிம்பில் மட்டும் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். எதிர்ப்பக்கக் கால் தரையை விட்டுக் கிளம்பினால் அந்த மேசை வேண்டாம். பிறகு விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள். கொஞ்சம் நகர்ந்தால்கூடப் பரவாயில்லை, சாயக் கூடாது. கால்கள் விளிம்புக்கு உள்ளடங்கி நின்றால் சாய்வது சுலபம். வெளிப்பக்கமாகச் சற்று விரிந்து நின்றால் நல்லது. பல மாடல்களில் காலை ஒரு குழிக்குள் செருகி ‘டக்’கென்று பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புதுசிலேயே ஆட்டம் கொடுக்கிற கால் போகப் போக இறுகாது. ஆன்லைனில் வாங்குகிறவர்களால் அழுத்திப் பார்க்க முடியாது. மேசையின் எடை எவ்வளவு என்று பாருங்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களில் குழந்தை பிடித்து நிற்கிற படமாகத் தேடுங்கள். உட்கார்ந்து பட்டன் தட்டுகிற படம் எதையும் சொல்லாது.

நம் வீட்டுத் தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது கட்டுகிற வீடுகளில் எல்லாம் வழவழ டைல்ஸ். அதன் மேல் பிளாஸ்டிக் கால் நிற்காது. நாற்காலிக்குப் போடுகிற ரப்பர் புஷ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வாங்கி மாட்டலாம். ஆனால் இறுக்கமாக இருக்க வேண்டும், கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும். கோரைப்பாயில் மேசையை வைக்காதீர்கள், பாயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். ஃபோம் மேட் விரித்தால் நான்கு கால்களும் மேட்டுக்குள் இருக்கட்டும். இரண்டு கால் மேட்டில், இரண்டு கால் தரையில் என்றால் மேசை முதலிலேயே சாய்ந்துதான் நிற்கும். குழந்தைக்கு சாக்ஸ் வேண்டாம். வெறுங்காலுக்குத்தான் பிடிமானம் உண்டு.

“இன்னும் நிற்கவே மாட்டேங்குறான், டேபிள் வாங்கினா நின்னுடுவான்” என்று சொல்லி வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதற்குச் சராசரி வயது 7.6 மாதம், ஆனால் 4.8 மாதத்திலிருந்து 11.4 மாதம் வரை எப்போது நின்றாலும் இயல்புதான். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது? இந்த வரம்பையும் தாண்டினால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அதற்கு மேசை மருந்து இல்லை. இன்னொன்று, குழந்தையைத் தூக்கி மேசை முன்னால் நிறுத்தாதீர்கள். தானாக எழுந்து நிற்கிற குழந்தைக்கு இடுப்பிலும் காலிலும் அதற்கான பலம் வந்துவிட்டது என்று அர்த்தம். நாம் நிறுத்தினால் அது விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நின்ற பிறகு இறங்கத் தெரியாமல் அழுவதையும் பலர் கவனிப்பதில்லை. எழுந்திருக்கக் கற்ற குழந்தைக்கு உட்காரத் தெரிய இன்னும் சில நாள் ஆகும். மேசையைப் பிடித்தபடி திருதிருவென விழிக்கும், முழங்கால் நடுங்கும், அப்புறம் ஓவென்று அழுகை. பசி என்று நினைத்துத் தூக்கிவிடுகிறோம். தூக்காமல், முட்டியை மெல்ல மடக்கி, பின்பக்கத்தைத் தாங்கித் தரையில் உட்கார வைத்துப் பழக்கினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மேசைக்குப் பதில் வாக்கர் வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் கண்டிப்பாக வேண்டாம். சக்கரம் வைத்த வாக்கரை விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது என எல்லாவற்றையும் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. மாடிப்படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவு அது. நம் ஊர் மர நடைவண்டி நல்ல பொருள்தான். ஆனால் அது நிற்கத் தெரிந்து, அடி வைக்கத் தொடங்கிய குழந்தைக்கு. எழுந்து நிற்கப் பிடித்தால் உருண்டு ஓடிவிடும்.

உயரம் எவ்வளவு என்று கேட்டால், குழந்தை நிற்கும்போது மேசை விளிம்பு தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வர வேண்டும். ஒரு வயதுக் குழந்தை சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். அதற்கு 38-இலிருந்து 42 செ.மீ. மேசை சரியாக இருக்கும். அதைவிட உயரமானால் தாடையை விளிம்பில் வைத்துக்கொண்டு நிற்கும், வழுக்கினால் பல்லில் அடிபடும். கால்களைக் கழற்றக்கூடிய மேசையாக இருந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறு மாதத்தில் உட்காரத் தொடங்கும்போது கால் இல்லாமல் தரையில் வைக்கலாம், எழுந்து நிற்கும்போது காலை மாட்டலாம்.

சரி, மேல்பலகைக்கு வருவோம். ஃபிஷர்-பிரைஸ், லீப்ஃபிராக், விடெக் என்று பெரிய நிறுவனங்கள் பாட்டுப் பாடும் மேசைகளை விற்கின்றன. அவற்றைப் பார்த்துச் செய்த மலிவான மேசைகளும் ஏராளம். அந்தப் பாட்டும் விளக்கும் எனக்கு வேண்டாம். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2015 கடைசியில் வெளிவந்தது. பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகள், அவரவர் பெற்றோருடன் வீட்டில் விளையாடும்போது நடந்த பேச்சைப் பதிவு செய்து கேட்டார்கள். சத்தம் போடும் எலக்ட்ரானிக் பொம்மை, மரக்கட்டை மாதிரியான சாதாரண பொம்மை, படப் புத்தகம் என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எலக்ட்ரானிக் பொம்மை கையில் இருந்தபோது பெரியவர்கள் பேசிய சொற்கள் குறைந்தன. குழந்தை ஒன்று சொல்ல, பெரியவர் ஒன்று சொல்ல என்று போகிற பேச்சும் குறைந்தது. மொத்தம் 26 குடும்பங்கள்தான், சின்ன ஆய்வுதான். ஆனால் நீங்களே எந்த வீட்டிலும் பார்க்கலாம். மேசை பாடத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கிற அம்மா வாயை மூடிக்கொள்கிறாள், பாட்டி எழுந்து போய்விடுகிறாள். அந்த வயதில் குழந்தைக்கு வேண்டியது பாட்டியின் பேச்சு. “ஐயோ, என் தங்கம் நின்னுடுச்சே” என்று அவள் கை தட்டுகிறாளே, அந்த இடத்தை எந்த பேட்டரியும் நிரப்பாது.

பரிசாகப் பாட்டு மேசை வந்துவிட்டது என்றால் தூக்கிப் போட வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சக்கரம் சுற்றும், கதவு திறக்கும், பட்டன் அமுங்கும். குழந்தைக்கு அது போதும். புதிதாக வாங்கினால் கம்பியில் மணிகளை நகர்த்துகிற மாதிரி, பந்தைப் போட்டால் கீழே உருண்டு வருகிற மாதிரி, பல்சக்கரம் சுழற்றுகிற மாதிரி உள்ளதைப் பாருங்கள். என்னைக் கேட்டால் வெறும் பலகையே மேல். அதன் மேல் காலையில் இரண்டு எவர்சில்வர் கிண்ணமும் ஒரு கரண்டியும் வைக்கலாம், சாயங்காலம் நான்கு மரக்கட்டை வைக்கலாம். அமெரிக்காவில் டோலிடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. நடக்கத் தொடங்கிய வயதுக் குழந்தைகளுக்கு ஒரு முறை நான்கு பொம்மைகளும் ஒரு முறை பதினாறு பொம்மைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடின. பத்துப் பதினைந்து சாமான்களை ஒரே பலகையில் ஒட்டி விற்கிற மேசையில் இந்த நிதானம் கிடைக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். முத்திரை தருகிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். அட்டைப்பெட்டியில் வெறும் முத்திரைப் படம் மட்டும் இருந்து எண் இல்லை என்றால் வாங்காதீர்கள். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு மூடுகிறதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் குழந்தையாலும் முடியும். முக்கியமாக, பட்டன் பேட்டரி (கைக்கடிகாரத்தில் இருக்கிற, காசு மாதிரி வட்டமான பேட்டரி) போடுகிற எதுவும் குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பல் முளைக்கிற குழந்தை மேசை விளிம்பைக் கட்டாயம் கடிக்கும். அதனால் பெயின்ட் பற்றி யோசியுங்கள். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கிற பழைய பெயின்ட் அடித்த ஸ்டூலை இறக்கித் துடைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

தண்ணீரும் மணலும் போட்டு விளையாடும் தொட்டி மேசை இப்போது பிரபலம். ஒன்றரை வயதுக்கு மேல் குழந்தைகளுக்கு அதைப் போல் சந்தோஷம் வேறு இல்லை, எனக்கும் அதில் முழு சம்மதம். ஆனால் ஒன்றிரண்டு அங்குலத் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்து, பக்கத்தை விட்டு நகரவே கூடாது. விளையாடி முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். மணலுக்குப் பதில் பயறும் கொண்டைக்கடலையும் கொட்டிக் கொடுக்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. மூன்று வயதுக்குள் அது வேண்டாம். மூக்கிலும் காதிலும் போகும், மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. ராகி மாவோ, பிசைந்த கோதுமை மாவோ போதும்.

கடைசியாக, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கனமான மர டீப்பாய் இருந்தால் அதுவே மேசை. கண்ணாடி போட்டது மட்டும் கூடாது. தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியின் மேல் ஒரு ஜமுக்காளத்தை இழுத்துக் கட்டினால் எந்தக் குழந்தையாலும் சாய்க்க முடியாது. செய்து வாங்க நினைப்பவர்கள் உங்கள் ஊர் ஆசாரியிடம் கேளுங்கள். வேம்போ பலாவோ எது கிடைக்கிறதோ அதில் போடச் சொல்லுங்கள். மேல்பலகை இரண்டடிக்கு ஒன்றரை அடி, உயரம் ஒன்றேகால் அடி. பலகை ஒரு அங்குலக் கனம் இருந்தால் பிஞ்சுக் கை பிடிக்க வசதி. மூலைகளை நன்றாக மழுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணித் தலை வெளியே தெரியாமல் உள்ளே இறக்கித் தரச் சொல்லுங்கள். பெயின்ட் வேண்டாம். கால்கள் விளிம்புக்கு ஒரு விரற்கடை வெளியே ஊன்றட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், தள்ளினாலும் நகராது. ஒன்றரை வயதுக்கு மேல் உட்கார்ந்து கிறுக்க அதே மரத்தில் ஏழு அங்குல உயரத்தில் ஒரு ஸ்டூலும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிற உயரம் அது.